வண்டிக்கு முடியாது சொல்லுங்கள், பயணத்துக்குச் சரி சொல்லுங்கள்

கேள்வி:

வணக்கம் மேடம். எங்களுக்குப் பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார், வாரம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். வீட்டில் நான், மாமியார், பையன். இரண்டு மாடு, கொஞ்சம் தக்காளி. பையன் பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறான். வருகிற அக்டோபரில்தான் அவனுக்குப் பதினெட்டு முடிகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஒரு நண்பன் இருக்கிறான். இரண்டு பேரும் என் வீட்டுக்காரரின் பைக்கில் இரண்டு நாள் சுற்றிவிட்டு வர வேண்டுமாம். ஒகேனக்கல் போய், அங்கிருந்து அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளி, ஓசூர், ராயக்கோட்டை வழியாகத் திரும்புவார்களாம். ராத்திரி எங்கே தங்குவீர்கள் என்றால், "எங்கயாவது ரூம் போட்டுக்கறோம்" என்கிறான். முடியாது என்றேன். "தினம் பால் ஊத்த மட்டும் வண்டி ஓட்டலாமா?" என்று ஒரே கேள்வி கேட்டான், அதோடு நாலு நாளாக என்னிடம் பேசவில்லை. அந்தப் பையன் ரிசல்ட் வந்ததும் திருப்பூரில் அவன் மாமாவிடம் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறானாம், இதுதான் கடைசி லீவாம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கு இந்த சிநேகிதமே பிடிக்காது, "அவங்க வேற ஆளுங்க" என்பார். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை, ஆனால் ஊர் வாய்க்குப் பயப்படுகிறேன். 3000 ரூபாய் கேட்கிறான். கொடுக்கலாமா? கொடுக்காவிட்டால் சொல்லாமல் கிளம்பிவிடுவானோ என்று தூக்கம் வரவில்லை.

— பாலக்கோடு அருகிலிருந்து ஒரு அம்மா

பதில்:

அம்மா, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். பயணத்துக்குச் சரி சொல்லுங்கள், வண்டிக்கு முடியாது சொல்லுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள், ஏனென்றால் வண்டிக்கு முடியாது என்பதை மட்டும் இன்றைக்குச் சொல்லிவிட்டு மற்றதை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால், அவன் காதில் பயணமே கிடையாது என்றுதான் விழும். இப்போதே அப்படித்தான் விழுந்திருக்கிறது.

நான் கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பதின்ம வயதுப் பிள்ளைகளோடும் அவர்களைப் பெற்றவர்களோடும் பேசுகிற வேலை செய்கிறேன். பரீட்சை முடிந்த பிறகு வரும் கடிதங்களில் இந்தப் பைக் பயணம் கட்டாயம் இருக்கும். பெரும்பாலும் பிள்ளை கேட்பது ஒன்றாகவும் பெற்றவர் மறுப்பது இன்னொன்றாகவும் இருக்கும். உங்கள் பையன் கேட்பது நண்பனோடு இரண்டு நாள். வண்டி அதற்கு அவன் யோசித்து வைத்திருக்கும் வழி, அவ்வளவுதான். ஏழு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் ஒருவன் திருப்பூர் போகிறான், இவன் காலேஜ் போவான். அதற்கப்புறம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பார்த்துக்கொள்வார்கள், பேச்சும் மெல்லக் குறையும், அது அவனுக்கே தெரியும். கடைசி லீவு என்று அவன் சொல்வது உங்களை மடக்குவதற்காக இல்லை, அவனுக்கு அது நிஜம். அந்த ஆசையை நீங்கள் மதித்தால்தான் அதற்கடுத்து நீங்கள் சொல்வது எதுவும் அவன் காதில் ஏறும்.

சரி, வண்டி ஏன் கூடாது? சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், வீட்டில் யாருக்கும் இது முழுசாகத் தெரிந்திருப்பதில்லை. கியர் வண்டி ஓட்ட 18 வயது முடிந்திருக்க வேண்டும். பதினாறிலேயே லைசென்ஸ் எடுக்கலாம் என்று பையன்கள் சொல்வார்கள், அது கியர் இல்லாத, 50 சிசிக்கு மேல் போகாத வண்டிக்கு மட்டும். இன்று ரோட்டில் ஓடுகிற பெட்ரோல் ஸ்கூட்டிகள் எல்லாம் அதற்கு மேல்தான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் சேர்த்த 199ஏ பிரிவின்படி, 18 ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவரோ வண்டிக்குச் சொந்தக்காரரோதான் குற்றவாளி. 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடையாது. அதாவது அக்டோபரில் எடுக்க வேண்டிய லைசென்ஸ் இன்னும் ஏழு வருஷத்துக்குக் கிடைக்காது, டிரைவிங் தெரிந்தால் கிடைக்கிற எந்த வேலையும் அதோடு சேர்ந்து போகும். இன்னொரு விஷயம், எதிரே வந்த யாருக்காவது அடிபட்டால் நஷ்ட ஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கொடுத்தாலும், லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினான் என்று சொல்லி அந்தப் பணத்தை உங்கள் வீட்டுக்காரரிடமே திருப்பி வசூலிக்க வழி இருக்கிறது. மாடு, நிலம் என்று எதை விற்றும் அடைக்க முடியாத தொகையாக அது இருக்கலாம்.

இதையெல்லாம் அவனிடம் ஒரு தடவை சொன்னால் போதும். திரும்பத் திரும்பச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள், "எந்த முக்குல போலீஸ் நிக்கும்னு எங்களுக்குத் தெரியும்மா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவான். அவனிடம் பேச வேண்டியது அந்த ரோட்டைப் பற்றியும் இந்த வயதைப் பற்றியும்.

பென்னாகரம் தாண்டி ஒகேனக்கலுக்கு இறங்குகிற மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். வளைந்து வளைந்து இறங்கும், ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் சரிவு. முன்னால் ஒரு பஸ் முக்கிக்கொண்டு போகும், அதன் புகை முகத்தில் அடிக்கும். தனியாகப் போகிற பையன் கொஞ்ச தூரம் பின்னாலேயே போவான். பின்சீட்டில் நண்பன் உட்கார்ந்து "மச்சி, போ போ, எதுவும் வரல" என்றால் அதே பையன் வளைவில் வலது பக்கம் ஏறிவிடுவான். உங்கள் பையன் கெட்டவன் என்றோ திமிர் பிடித்தவன் என்றோ இதற்கு அர்த்தம் இல்லை. ஆபத்தை எடைபோட்டு நிறுத்துகிற மூளைப் பகுதி இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும், இந்த வயதில் கூட்டாளி பக்கத்தில் இருந்தால் துணிச்சல் கூடுகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. தனியாக இருக்கும்போது அவன் எவ்வளவு நிதானமான பையன் என்பதை வைத்து, இருவராகப் போகும்போதும் அப்படியே இருப்பான் என்று கணக்குப் போட முடியாது. அவன் சொன்ன சுற்று 200 கிலோமீட்டருக்கு மேல் வரும். சித்திரை வெயிலில் தூக்கமும் சாப்பாடும் சரியாக இல்லாமல் இரண்டாம் நாள் சாயங்காலம் ராயக்கோட்டை ரோட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு பறக்கிற பிக்கப் வண்டிகளுக்கு நடுவே திரும்பி வர வேண்டும். பெரியவர்களுக்கே கை மரத்துப்போகும் பயணம் அது.

இப்போது உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்ட வரிக்கு வருகிறேன். "பால் ஊத்த மட்டும் வண்டி ஓட்டலாமா?" அம்மா, அவன் கேட்டது நியாயம். அதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை என்பதால்தான் பேச்சை நிறுத்தியிருக்கிறான், எதிர்த்துப் பேச வேறு வார்த்தை அவனுக்குத் தேவைப்படவில்லை. காலையில் இருட்டு பிரியாத நேரத்தில் டேங்க் மேல் பால் கேனை வைத்து இரண்டு முட்டியாலும் அணைத்துக்கொண்டு, ஹெல்மெட் இல்லாமல், ஒரு கையால் கேன் மூடியைப் பிடித்தபடி சொசைட்டிக்குப் போகிற பையன்களை நம் பக்கத்தில் எந்த ஊரிலும் பார்க்கலாம். எட்டாவது ஒன்பதாவது படிக்கும்போதே பழக்கிவிடுகிறோம். மாட்டுத் தீவனம் வாங்க, பாட்டிக்கு மாத்திரை வாங்க, மண்டிக்குத் தக்காளி கிரேடு போட ஆள் கூட்டி வர என்று நமக்குத் தேவை வந்தால் அவன் பெரியவன், அவனுக்கு ஆசை வந்தால் சின்னப் பையன். இதைப் பிள்ளைகள் நம்மிடம் சொல்ல மாட்டார்கள், ஆனால் மனதில் எழுதி வைத்துக்கொள்வார்கள். இந்த இரட்டைக் கணக்கு இருக்கும்வரை நீங்கள் சட்டம் பேசினாலும் பாசம் பேசினாலும் அவனுக்கு அது சாக்காகத்தான் தெரியும்.

அதனால் வண்டிக்கு முடியாது என்றால் பாலுக்கும் முடியாதுதான். எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும், வீட்டில் வேறு ஆண் துணை இல்லை, மாமியாருக்கும் வயதாகிவிட்டது. ஆனாலும் அக்டோபர்வரைதான். சைக்கிள் கேரியரில் கேன் கட்டிக்கொண்டு போகலாம், பக்கத்து வீட்டில் சொசைட்டிக்குப் போகிறவரிடம் சேர்த்துக் கொடுத்து அனுப்பலாம், அதற்கு அவர் ஏதாவது கேட்டால் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் நீங்களே லைசென்ஸ் எடுத்து ஒரு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள் என்றும் சொல்வேன். கணவர் வாரம் ஒருமுறை வருகிற வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த பெரியவர் ஒருவர் எப்போதும் இருப்பது எல்லாருக்கும் நல்லது. பையனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நீ கேட்டது சரிடா. பாலுக்கு உன்னை வண்டியில அனுப்புனது எங்க தப்பு. இனிமே அதுக்கும் வேண்டாம். அக்டோபர்ல பொறந்த நாள் முடிஞ்ச அடுத்த வாரமே எல்எல்ஆர் போட்டுடலாம்." எல்எல்ஆர் போட்டு 30 நாள் கழித்து டிரைவிங் டெஸ்டுக்குப் போகலாம், ஆகவே வருஷம் முடிவதற்குள் கையில் லைசென்ஸ் இருக்கும். சொன்ன வாரத்தில் அவனை ஆர்டிஓ ஆபீசுக்குக் கூட்டிப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள். அம்மா தன் மேல் தப்பு என்று சொல்வதை அவன் எதிர்பார்த்திருக்க மாட்டான். அன்றைக்கே பேசிவிடுவான் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் பேச்சு திரும்ப ஆரம்பிக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, நீங்கள் தயங்கித் தயங்கி எழுதிய விஷயம். அதையும் நான் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன். உங்கள் வீட்டுக்காரர் மறுப்பதற்குக் காரணம் வண்டியா, அந்தப் பையனின் சாதியா? வண்டி என்றால் மேலே சொன்னதோடு விஷயம் முடிந்தது. சாதி என்றால், அதை வண்டிக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள், பதினேழு வயசுப் பிள்ளைக்கு அது பளிச்சென்று தெரியும். அப்பா இல்லாத நேரத்தில் அந்தப் பையன் வீட்டுக்கு வந்தால் பாட்டி எந்தத் தம்ளரில் தண்ணீர் கொடுக்கிறார், உள்ளே வா என்று சொல்கிறார்களா திண்ணையோடு நிறுத்துகிறார்களா, இதையெல்லாம் இரண்டு பிள்ளைகளும் ஆறாம் வகுப்பிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பார்த்தும் விட்டுக்கொடுக்காமல் ஏழு வருஷம் நட்பாக இருந்திருக்கிறார்கள் என்றால், உங்கள் பிள்ளையிடம் நல்ல குணம் ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் காப்பாற்ற வேண்டும். நம் மாவட்டத்தில் இந்தப் பிரிவினையால் எரிந்த வீடுகளையும் பிரிந்த குடும்பங்களையும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில் நீங்கள் அவனைத் தடுத்தால், ஊர் சொன்னதையே அம்மாவும் சொன்னாள் என்று அவன் வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பான்.

எனவே ஒரு காரியம் செய்யுங்கள். அந்தப் பையனின் அம்மாவிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். போன் போதாது, நேரில் போங்கள், அவர்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். "பசங்க ரெண்டு பேரும் சுத்திட்டு வரணுங்கறாங்க, வண்டி வேணாம் பஸ்ல போகட்டும்னு நெனைக்கறேன், நீங்க என்ன சொல்றீங்க" என்று கேளுங்கள். அந்த அம்மாவுக்கும் இதே பயம் இருக்கும், உங்களைவிட ஒருபடி அதிகமாகவே இருக்கும், ஏனென்றால் வழியில் ஏதாவது ஆனால் பழி தன் பிள்ளை மேல்தான் விழும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு அம்மாக்களும் ஒரே பேச்சில் நின்றால் பையன்களுக்கு ஒருவரைக் காட்டி இன்னொருவரை மடக்க வழி இருக்காது.

போகும்போது இதையும் சொல்லுங்கள். அந்தப் பையன் பள்ளியோடு படிப்பை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2024ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மேற்படிப்புக்கு மாதம் 1000 ரூபாய் உண்டு, ஐடிஐ சேர்ந்தாலும் உண்டு. தர்மபுரியிலேயே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, அரசு ஐடிஐ இருக்கிறது. வீட்டு நிலைமை காரணமாகத்தான் திருப்பூர் அனுப்புகிறார்கள் என்றால் இந்தத் தகவல் ஒன்றுகூட அவன் வழியை மாற்றலாம். பள்ளி ஆசிரியரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். கேட்டது பயணத்தைப் பற்றி, இவள் என்ன காலேஜ் பற்றிப் பேசுகிறாள் என்று நினைக்காதீர்கள். உங்கள் மகன் இந்த இரண்டு நாளுக்காக இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணமே அந்தத் திருப்பூர் டிக்கெட்தான்.

இனி பயணம். வழியை அவர்களே போடட்டும், நீங்கள் போட்டுக் கொடுத்தால் அது உங்கள் டூர் ஆகிவிடும், அவர்களுக்குச் சுவைக்காது. நீங்கள் எல்லையை மட்டும் சொல்லுங்கள். லாட்ஜ் வேண்டாம், பதினெட்டு ஆகாதவர்களுக்குப் பொதுவாக ரூம் தரவும் மாட்டார்கள், ஆதார் கேட்பார்கள், தருகிற இடம் நல்ல இடமாக இருக்காது. ராத்திரி தெரிந்தவர் வீட்டில்தான் தூங்க வேண்டும். தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருப்பார்கள், இல்லையென்றால் ஓசூரில் அவன் அப்பா தங்கியிருக்கும் அறையே இருக்கிறது. உண்மையைச் சொன்னால், அந்த அறையில் அவங்கப்பாவோடு இரண்டு பையன்களும் ஒரு ராத்திரி படுத்து எழுந்தால் அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். நான் ஆயிரம் வார்த்தை எழுதுவதைவிட அந்த ஒரு ராத்திரி அவரிடம் அதிகம் பேசும்.

ஒகேனக்கலிலிருந்து அஞ்செட்டி வழியாகப் போவதை இந்தத் தடவை விட்டுவிடச் சொல்லுங்கள். அழகான பாதை, மறுக்கவில்லை, ஆனால் காட்டுக்குள் போகிற ரோடு, யானை கடக்கிற இடம், பல இடத்தில் போன் சிக்னல் கிடைக்காது, ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று காத்துக்கிடக்க வேண்டும். சாயங்காலம் ஆகிவிட்டால் உதவிக்குக் கூப்பிட ஆள் இல்லை. முதல் நாள் ஒகேனக்கல் போய்விட்டு வீட்டுக்கே திரும்பி வந்து தூங்கட்டும், மறுநாள் காலையில் ஓசூர்ப் பக்கம் கிளம்பட்டும். இரண்டு நாள் மூன்று நாளாகும், அவ்வளவுதான், அதற்கு அவர்கள் வருத்தப்பட மாட்டார்கள்.

பாலக்கோட்டிலிருந்து பாப்பாரப்பட்டி வழியாகப் பென்னாகரம் போய் ஒகேனக்கல் பஸ் பிடிக்கலாம். பாப்பாரப்பட்டியில் இறங்கி சுப்பிரமணிய சிவா நினைவிடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம், 1925ல் அவர் கண்மூடியது அந்த ஊரில்தான், பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு அரை மணி நேரம் அங்கே நிற்பது நல்லது. ஒகேனக்கலில்தான் நீங்கள் கவனமாகச் சொல்லி அனுப்ப வேண்டும். பிள்ளைகள் அருவியைப் பார்த்துப் பயப்படுவார்கள், ஆற்றைப் பார்த்துப் பயப்பட மாட்டார்கள். ஆனால் உயிர் போவது பெரும்பாலும் ஆற்றில், அமைதியாகத் தெரிகிற இடத்தில்தான். கோடையில் தண்ணீர் குறைவாக இருக்கும், பாறை வெளியே தெரியும், முட்டியளவுதானே என்று நடப்பார்கள், அடுத்த எட்டில் பாறைக்கு நடுவே ஆளை முழுக்க விழுங்குகிற மடு இருக்கும். பாசி பிடித்த பாறை வேறு, செருப்போடு நின்றாலும் வழுக்கும். குளிக்க ஒதுக்கிய இடத்தில் மட்டும் குளிக்க வேண்டும், அதைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது, செல்ஃபிக்காகப் பாறை நுனிக்குப் போகக் கூடாது. பரிசல் ஏறினால் டிக்கெட் கொடுக்கும் துறையில் ஏறி, லைஃப் ஜாக்கெட் பட்டியை இழுத்து மாட்டிக்கொண்டு, இறங்கும்வரை உட்கார்ந்தே இருக்க வேண்டும். வட்டமாக இருப்பதால் ஒருவன் எழுந்து நின்றாலே பரிசல் ஒரு பக்கம் சாயும். கர்நாடகாவில் தண்ணீர் திறந்தால், மேலே பிலிகுண்டுலுவில் அளக்கிற நீர்வரத்து கூடியதுமே குளிக்கவும் பரிசல் விடவும் தடை போட்டுவிடுவார்கள். கிளம்புகிற அன்று காலையில் செய்தி பார்த்துவிட்டுப் போகட்டும். தடை இருந்தால் யாராவது வந்து "தம்பி, அந்தப் பக்கமா கூட்டிட்டுப் போறேன்" என்று கூப்பிடுவான், அவன் பின்னால் போகக் கூடாது. இதைச் சொல்லும்போது உங்கள் குரல் கண்டிப்பாகவே இருக்கட்டும். மற்றதில் விட்டுக்கொடுக்கலாம், தண்ணீரில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

அப்புறம் அங்கே மீன் சாப்பிடட்டும். மீனை வாங்கிக் கொடுத்தால் கரையிலேயே மசாலா தடவி வறுத்துக் கொடுக்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள், அடுப்புப் புகைக்கு நடுவே உட்கார்ந்து நண்பனோடு அதைச் சாப்பிடுவதற்குத்தானே இவ்வளவு தூரம் போவது. விலையை முதலிலேயே பேசிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ராயக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் உங்களுக்குப் பெரிய கவலை வேண்டாம். பாலக்கோட்டிலிருந்து ரயில் பாதையே ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகிறது, ரயில் நேரத்தை ஸ்டேஷனில் விசாரித்துக்கொண்டால் போதும், பஸ்ஸும் இருக்கிறது. ராயக்கோட்டை மலைக்கோட்டை 1791ல் திப்புவின் படையிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தது, அடுத்த வருஷம், அன்றைக்குப் பாரமகால் என்று அழைத்த தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அவர்கள் கைக்குப் போனது. வெயில் ஏறுவதற்கு முன் மேலே ஏறி இறங்கிவிட வேண்டும், ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் வேண்டும். தேன்கனிக்கோட்டை பேட்டராய சுவாமி கோயில், தளி ஏரி, ரோஜா வளர்க்கிற பசுமைக்குடில்கள் எல்லாம் பஸ்ஸிலேயே பார்க்கக்கூடியவை. பஸ் என்றால் மானம் போகிறது என்று முதலில் முறுக்கிக்கொள்வார்கள். ஜன்னல் ஓரமாக இரண்டு பேரும் ஒரே இயர்போனைப் பிய்த்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் சரியாகிவிடும். பைக்கில் போனால் காற்றில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது, பஸ்ஸில் மூன்று நாளும் பேசிக்கொண்டே போகலாம், இதை அவனிடம் சொல்லிப் பாருங்கள்.

போன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை உங்களுக்கு. மணிக்கு ஒரு தடவை கூப்பிடாதீர்கள், எடுக்க மாட்டான், நீங்கள் பதறுவீர்கள், கடைசியில் சண்டையில் முடியும். ஒவ்வொரு ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ், இருட்டுவதற்குள் தங்கும் வீட்டிலிருந்து ஒரு போன், இவ்வளவு பேசிக்கொள்ளுங்கள். நண்பனின் எண்ணும் அவன் அம்மாவின் எண்ணும் உங்களிடம் இருக்கட்டும். முக்கியமான எண்களை ஒரு சீட்டில் எழுதி அவன் சட்டைப் பையில் வையுங்கள், போன் சார்ஜ் போய்விட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அம்மா நம்பர்கூடத் தெரியாது. அவசரத்துக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, பதினெட்டு ஆகாத பிள்ளைகளுக்கு எந்தச் சிக்கல் என்றாலும் 1098. இன்னொரு வார்த்தையும் சொல்லி அனுப்புங்கள்: "எந்தத் தப்பு நடந்திருந்தாலும், யார் மேல தப்புன்னாலும், முதல்ல எனக்குப் போன் பண்ணு. அன்னிக்குத் திட்ட மாட்டேன்." சொன்னபடி அன்றைக்குத் திட்டாமல் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

உங்கள் வீட்டுக்காரரிடம் இதை மறைத்துச் செய்யாதீர்கள். அவர் இல்லாத நாளில் அனுப்பிவிட்டு அப்புறம் சமாளிக்கலாம் என்று தோன்றும், வேண்டாம். தெரிந்துவிட்டால் கோபம் முழுக்க அந்த நண்பன் மேல் திரும்பும். அவர் ஊருக்கு வரும்போது சாப்பாடெல்லாம் முடிந்து படுக்கிற நேரத்தில், பையன் பக்கத்தில் இல்லாதபோது பேசுங்கள். முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லுங்கள், அவர் பெயரில் உள்ள வண்டி, அவர் மேல்தான் கேஸ் வரும் என்று சொன்னால் அவரே வேண்டாம் என்பார். அப்புறம் பஸ் பயணம், அப்புறம் அவர் அறையில் தங்குவது. நண்பனைப் பற்றி அவர் ஏதாவது சொன்னால் சண்டை போடாமல் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஏழு வருஷத்துல அந்தப் பையனால நம்ம பையன் என்ன கெட்டுப்போனான்?" பதில் வரும்வரை காத்திருங்கள். ஓசூரில் அவரோடு ஷிப்ட் பார்க்கிறவர்கள் எல்லா ஊரிலிருந்தும் எல்லாச் சாதியிலிருந்தும் வந்தவர்கள்தானே, அங்கே ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறவர் இங்கே வந்து ஏன் இப்படிப் பேசுகிறார் என்பதற்கு அவரிடமே சரியான காரணம் இருக்காது. ஒரே ராத்திரியில் மாறிவிடுவார் என்று நான் சொல்லவில்லை. முழு மனசாக இல்லாவிட்டாலும் "என்னமோ பண்ணுங்க" என்று அவர் சொன்னால் அதுவே இப்போதைக்குப் போதும்.

சொல்லாமல் கிளம்பிவிடுவானோ என்று கேட்டீர்கள். எல்லா வாசலையும் அடைத்துவிட்ட வீட்டிலிருந்துதான் பிள்ளைகள் பெரும்பாலும் சொல்லாமல் போகிறார்கள். போக ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை முறைப்பான், பேரம் பேசுவான், ஆனால் திருட்டுத்தனமாகப் போக மாட்டான். ஆனாலும் பேசி முடிக்கும்வரை வண்டிச் சாவியை ஆணியில் மாட்டி வைக்காதீர்கள். ஒளித்து வைத்ததுபோலவும் செய்ய வேண்டாம், "அப்பா கேட்டார், கொடுத்தனுப்பிட்டேன்" என்று சொல்லி நிஜமாகவே ஓசூருக்குக் கொடுத்தனுப்பிவிடுங்கள்.

3000 ரூபாய் கொடுக்கலாம், ஆனால் மொத்தமாகக் கையில் வேண்டாம். பெட்ரோலும் ரூமும் இல்லை என்பதால் அவ்வளவு ஆகாது. இரண்டு பேரையும் உட்கார வைத்து பஸ், சாப்பாடு, பரிசல் டிக்கெட் என்று அவர்கள் கையாலேயே கணக்கு எழுதச் சொல்லுங்கள். உங்கள் பையனிடம் இருப்பதும் அந்தப் பையனிடம் இருப்பதும் ஒன்றாக இருக்காது, அதனால் செலவைப் பொதுப் பணமாகப் போட்டு ஒருவர் பையில் வைத்துக்கொள்ளட்டும், வழியில் யாரும் யாரிடமும் கேட்டு வாங்குகிற நிலைமை வராது. அதற்கு மேல் ஒரு 500 ரூபாயை அவசரத்துக்கென்று தனியாக மடித்துக் கொடுங்கள், அது செலவாகாமல் திரும்பி வந்தால் அவனே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிடுங்கள்.